கெரிட்டும் ரிவியூ போர்டும் ஒரே கிட் களஞ்சியத்தில்: புதியவர்களுக்கான இணைப்பு வழிகாட்டி

நிரலின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் ஒரே கிட் களஞ்சியத்தைக் கெரிட், ரிவியூ போர்டு என்னும் இரண்டு நிரல் மதிப்பாய்வுக் கருவிகள் பகிர்ந்துகொள்ள வேண்டிய நிலை பெரும்பாலும் யாரும் திட்டமிடாமலே வந்து சேர்கிறது. கெரிட்டில் பழகிய ஒரு குழுவும் ரிவியூ போர்டில் பழகிய மற்றொரு குழுவும் ஒரே நிரல்தொகுப்பில் வேலை செய்யத் தொடங்குகின்றன. அல்லது சப்வெர்ஷன், பெர்ஃபோர்ஸ் களஞ்சியங்களுக்காக ஆண்டுக்கணக்கில் ரிவியூ போர்டை வைத்திருந்த இடத்தில், கிட்டுக்கு மாறும்போது கெரிட்டும் வந்துவிடுகிறது. இரண்டில் ஒன்றை உடனே கைவிட முடியாத குழுக்களில் இந்த இணைப்புப் பொறுப்பை முதன்முறையாக ஏற்றிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டச்சிடும்போது அவற்றின் மூல எழுத்துகளில் இட வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு முடிவை எடுத்து, குழுவில் எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைத்துவிடுங்கள்: களஞ்சியத்தின் கிளைகளில் எழுதும் உரிமை ஒரே ஒரு கருவிக்குத்தான். மற்றது படிக்கலாம், விவாதத்துக்கு இடம் தரலாம், ஒப்புதலைத் தெரிவிக்கலாம். கிளையை நகர்த்தக் கூடாது. இந்த இணைப்பில் நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த முடிவை எடுக்காமல் விட்டதாலோ, எடுத்த பிறகு அதற்கு விலக்கு அளித்ததாலோ வந்தவை.

எழுதும் உரிமை ஏன் கெரிட்டுக்கு

இரண்டு கருவிகளும் பிறந்த விதத்தைத் தெரிந்துகொண்டால் இந்தக் கேள்விக்கு விடை எளிதாகக் கிடைக்கும். ரிவியூ போர்டை 2006இல் விஎம்வேரில் பணியாற்றிய கிறிஸ்டியன் ஹாமண்டும் டேவிட் ட்ரோபிரிட்ஜும் தொடங்கினார்கள். எந்தப் பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பிலிருந்தும் வரும் டிஃப் (பழைய வடிவத்துக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு) ஒன்றை வாங்கிக்கொண்டு, அதன்மேல் கருத்துச் சொல்ல இடம் தருவது அதன் வடிவமைப்பு. ஆகவே அது களஞ்சியத்துக்கு வெளியே நிற்கிறது. கெரிட் 2008இல் ஆண்ட்ராய்டு திட்டத்துக்காகக் கூகுளில் ஷான் பியர்ஸ் உருவாக்கியது. அதுவே ஒரு கிட் சேவையகம். களஞ்சியம் அதனுள்ளேயே இருக்கிறது, அனுப்பப்படும் ஒவ்வொரு கமிட்டும் (பதிவுசெய்த மாற்றமும்) அதன் வாசல் வழியாகத்தான் நுழைகிறது. வாசலில் நிற்கும் கருவிக்குச் சாவியைக் கொடுப்பதுதான் முறை.

முதல் படி: கிளைகளைப் பூட்டுதல்

கெரிட்டில் ஆல்-ப்ராஜெக்ட்ஸ் என்னும் மூலத் திட்டத்தின் அனுமதிப் பக்கத்தைத் திறந்து, ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/* (எல்லாக் கிளைகளையும் குறிப்பது) என்பதன்மேல் யார் யாருக்குப் புஷ் (கமிட்டுகளைச் சேவையகத்துக்குத் தள்ளும்) அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். நிர்வாகிகளைத் தவிர வேறு எவருக்கும் அது இருக்கக் கூடாது. நிரலாளர்களுக்குத் தேவையானது ரெஃப்ஸ்/ஃபார்/ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/* என்பதன்மேல் புஷ் அனுமதி மட்டுமே; கிளையின் நேரடிப் பெயருக்கு அனுப்பினால் மறுப்பும், ரெஃப்ஸ்/ஃபார்/மெயின் என்று அனுப்பினால் மதிப்பாய்வுக்குரிய ஒரு மாற்றமும் கிடைக்க வேண்டும். ரிவியூ போர்டின் கட்டளைவரிக் கருவியான ஆர்பிடியில் "ஆர்பிடி லேண்ட்" என்றொரு கட்டளை உண்டு. ஒப்புதல் பெற்ற மாற்றத்தைக் கிளையில் இணைப்பதும், விருப்பத்தேர்வு கொடுத்தால் தொலைக் களஞ்சியத்துக்கே தள்ளிவிடுவதும் அதன் வேலை. ரிவியூ போர்டு குழுவிலிருந்து வருபவர்களின் விரல்கள் அதைத் தானாகவே அடிக்கும். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; சொன்ன பிறகும் ஒருவர் அடித்துவிட்டால், இந்த அனுமதிப் பூட்டு களஞ்சியத்தைக் காப்பாற்றும்.

இதே கட்டத்தில் ஒவ்வொரு நிரலாளரின் உள்ளூர்க் களஞ்சியத்திலும் கெரிட் தரும் கமிட்-எம்எஸ்ஜி ஹூக்கை (கமிட் செய்யும்போது தானாக ஓடும் சிறு நிரலை) நிறுவச் செய்யுங்கள். அது ஒவ்வொரு கமிட் செய்தியின் இறுதியிலும் சேஞ்ச்-ஐடி என்ற வரியைச் சேர்க்கும்: ஐ என்ற எழுத்தும் அதைத் தொடர்ந்து 40 பதினறும இலக்கங்களும். கமிட்டைத் திருத்தி எழுதும்போது அதன் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) மாறிவிடும், சேஞ்ச்-ஐடி மாறாது. இரண்டு கருவிகளிலும் "இது அதே மாற்றம்தான்" என்று அடையாளம் காண நமக்குக் கிடைக்கும் நிலையான சாவி அது ஒன்றே என்பதால், இதில் சலுகை காட்ட வேண்டாம்.

இரண்டாம் படி: மிரர் களஞ்சியம்

ரிவியூ போர்டுக்கு டிஃப் மட்டும் போதாது. டிஃப்பைப் பக்கத்துக்குப் பக்கம் வைத்துக் காட்டுவதற்கு, மாற்றத்துக்கு முந்தைய கோப்பின் முழு வடிவம் அதற்குத் தேவை. தொலைவில் உள்ள சாதாரண கிட் களஞ்சியத்திலிருந்து தனி ஒரு கோப்பை மட்டும் எடுப்பது எளிதில்லை என்பதால், தன் வட்டிலேயே ஒரு பிரதி (மிரர்) இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது.

இங்கே ஒரு குறுக்குவழி கண்ணில் படும். இரண்டு கருவிகளும் ஒரே இயந்திரத்தில் இருந்தால், கெரிட்டின் களஞ்சிய அடைவையே ரிவியூ போர்டுக்குக் காட்டிவிடலாமே என்று தோன்றும். அந்த வழியில் போக வேண்டாம் என்பதே என் அறிவுரை. வலைச் சேவையகத்தின் பயனர் கெரிட்டின் கோப்புகளைப் படிக்க அனுமதிகளைத் தளர்த்த வேண்டியிருக்கும். பிறகு யாரேனும் ஒருவர் "அவசரத்துக்கு" அந்த அடைவில் நேரடியாக எழுதிவிட்டால், கெரிட்டின் அனுமதிச் சோதனைகள் எதையும் தொடாமலே கிளை நகர்ந்துவிடும். மேலும், 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பு முதல், வேறொரு பயனருக்குச் சொந்தமான அடைவில் இயங்க கிட் மறுக்கிறது, சேஃப்.டைரக்டரி அமைப்பில் விலக்கு எழுதி எழுதி நாளை ஓட்ட வேண்டிவரும். வட்டில் கொஞ்சம் கூடுதல் இடம் செலவானாலும் தனி மிரர் நிம்மதியைத் தரும்.

மிரரை உருவாக்க, களஞ்சியத்தை வேறிடத்துக்கு நகலெடுக்கும் கெரிட்டின் ரெப்ளிகேஷன் செருகுநிரல் போதும். ரிவியூ போர்டு இயங்கும் இயந்திரத்தில் மிரருக்கென்று தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, கெரிட் இயங்கும் பயனரின் எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) பொதுச் சாவியை அவருக்குக் கொடுங்கள். பிறகு கெரிட் பயனராக உள்நுழைந்து அந்த இயந்திரத்துக்கு ஒரு முறை எஸ்எஸ்எச் செய்யுங்கள். புதிய இயந்திரத்தின் சாவி நோன்-ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஏறுவதற்காகத்தான் இது. இதை மறந்தால் ரெப்ளிகேஷன் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருக்கும். காரணம் பதிவுக் கோப்பில் மட்டுமே தெரியும்.

அடுத்து ரெப்ளிகேஷன்.கான்ஃபிக் கோப்பில் ரிமோட் பகுதி ஒன்றை எழுதி, முகவரியில் திட்டத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில் நேம் என்ற மாறியை வையுங்கள். எந்த ரெஃப்களை (கிளை போன்றவற்றைச் சுட்டும் பெயர்களை) அனுப்புவது என்பதை நீங்களே வெளிப்படையாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்தச் செருகுநிரல் எல்லா ரெஃப்களையும் அனுப்பும். நமக்கு வேண்டியவை மூன்று: ரெஃப்ஸ்/ஹெட்ஸ், ரெஃப்ஸ்/டேக்ஸ், ரெஃப்ஸ்/சேஞ்சஸ். கடைசியாக உள்ளதில்தான் இன்னும் கிளையில் சேராத மாற்றங்கள் இருக்கின்றன. அது ஏன் தேவை என்பதை நான்காம் படியில் காண்போம். ப்ராஜெக்ட்ஸ் என்ற வரியால், அனுப்ப வேண்டிய திட்டங்களை மட்டும் பெயர் சொல்லிக் குறியுங்கள். ஆல்-யூசர்ஸ் என்னும் களஞ்சியத்தில் பயனர்களின் கணக்கு விவரங்கள் இருப்பதால், அது எந்த நிலையிலும் மிரருக்குப் போகக் கூடாது.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கெரிட்டில் ஒரு கிளையைக் குறிப்பிட்ட சிலர் மட்டுமே படிக்கலாம் என்று அனுமதி வைத்திருப்பீர்கள். மிரருக்கு அந்த அனுமதி தெரியாது. ரிவியூ போர்டு அறிந்ததெல்லாம் களஞ்சியம் முழுவதற்குமான அனுமதிதான். பாதுகாப்புத் திருத்தங்கள் போன்ற மறைவான வேலை நடக்கும் திட்டங்களை இந்த இணைப்பில் சேர்க்காதீர்கள்.

மூன்றாம் படி: ரிவியூ போர்டில் பதிவு செய்தல்

நிர்வாகப் பக்கத்தில் புதிய களஞ்சியம் ஒன்றைச் சேர்த்து, வகையாகக் கிட்டைத் தேர்ந்தெடுங்கள். பாத் என்ற இடத்தில் மிரரின் அடைவையும், மிரர் பாத் என்ற இடத்தில் நிரலாளர்கள் குளோன் செய்யும் கெரிட் முகவரியையும் இடுங்கள். பெயர்கள் இடம் மாறியதுபோல் தோன்றும். ரிவியூ போர்டின் பார்வையில் தன் வட்டில் இருப்பதுதான் முதன்மை என்று நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

ஆர்பிடி தானாகவே முகவரியைப் பொருத்திப் பார்த்துக் களஞ்சியத்தைக் கண்டுபிடிக்க முயலும். கெரிட்டில் எஸ்எஸ்எச் முகவரிக்குள் ஒவ்வொருவரின் பயனர்பெயரும் 29418 என்ற போர்ட் எண்ணும் இருக்கும். எச்டிடிபி வழியே குளோன் செய்தவரின் முகவரியிலோ நடுவில் ஒரு /ஏ/ வந்திருக்கும். ஒருவருக்குப் பொருந்துவது அடுத்தவருக்குப் பொருந்தாமல் போகும். ஆகவே களஞ்சியத்தின் மேல்மட்டத்தில் .ரிவியூபோர்டுஆர்சி என்ற கோப்பை வைத்து, அதில் ரிவியூ போர்டின் முகவரியையும் மூன்றாம் படியில் நீங்கள் கொடுத்த களஞ்சியப் பெயரையும் எழுதிக் கமிட் செய்துவிடுங்கள். இரண்டே வரிகள், பல நாள் கேள்விகள் மிச்சம்.

நான்காம் படி: மாற்றங்களைக் கொண்டுசேர்க்கும் பாலம்

நிரலாளர் ரெஃப்ஸ்/ஃபார்/மெயினுக்கு அனுப்பிய ஒவ்வொரு மாற்றமும் ரிவியூ போர்டில் ஒரு மதிப்பாய்வுக் கோரிக்கையாகத் தோன்ற வேண்டும். இதைச் செய்ய ஒரு சிறு நிரல் வேண்டும். அதைப் பாலம் என்று அழைப்போம். கெரிட்டில் அதற்கென்று ஒரு சேவைக் கணக்கை உருவாக்கி, சர்வீஸ் யூசர்ஸ் குழுவில் சேர்த்து, ஸ்ட்ரீம் ஈவென்ட்ஸ் அனுமதி அதற்கு இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்எச் வழியே "கெரிட் ஸ்ட்ரீம்-ஈவென்ட்ஸ்" கட்டளையை இட்டால், நடப்பவை எல்லாம் ஜேசன் வடிவில் வரிவரியாக வந்துகொண்டிருக்கும்.

பாலம் தன்னிடம் ஓர் அட்டவணை வைத்திருக்க வேண்டும்: சேஞ்ச்-ஐடி, திட்டமும் கிளையும், பேட்ச்செட் எண் (அந்த மாற்றத்தின் எத்தனையாவது வடிவம் என்பது), ரிவியூ போர்டின் கோரிக்கை எண், டிஃப் எண். திட்டத்தையும் கிளையையும் சேர்த்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஒரே மாற்றத்தை வேறு கிளைக்கு செர்ரி-பிக் செய்யும்போது சேஞ்ச்-ஐடி அப்படியே வரும். புதிய பேட்ச்செட் வந்தால், அட்டவணையில் கோரிக்கை எண் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதே கோரிக்கையில் புதிய டிஃப்பை ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் மட்டுமே புதிய கோரிக்கை. டிஃப் எடுக்கும்போது கோப்புகளின் ஹாஷ் சுருக்கப்படாமல் 40 இலக்கமும் முழுமையாக இருப்பது அவசியம். "ஆர்பிடி போஸ்ட்" அதைத் தானே பார்த்துக்கொள்ளும். "கிட் டிஃப்" கட்டளையை நீங்களே இயக்கினால் ஃபுல்-இண்டெக்ஸ் விருப்பத்தைச் சேர்க்க வேண்டும்.

இனி, இந்த வேலையில் எனக்கு மிகுந்த நேரம் எடுத்த ஒரு பிழையை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பாலம் எழுதுகிற எவருக்கும் இது நேரக்கூடும். கெரிட்டில் பேட்ச்செட்-கிரியேட்டட் நிகழ்வு வந்த உடனே டிஃப்பை ஏற்றும்படி நான் எழுதியிருந்தேன். பெரும்பாலான நாட்களில் அது நன்றாகவே நடந்தது. சில நாட்களில் மட்டும், களஞ்சியத்தில் கோப்பு இல்லை என்ற 207 எண் பிழையை ரிவியூ போர்டு திருப்பியது. கோப்போ எல்லோர் கண்ணெதிரிலும் மெயின் கிளையில் இருந்தது.

பிழை வந்த மாற்றங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது, எல்லாமே சங்கிலியாக அனுப்பப்பட்டவை என்று தெரிந்தது. ஒரு நிரலாளர் மூன்று கமிட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்து, ஒரே புஷ்ஷில் அனுப்பியிருந்தார். முதல் கமிட் ஒரு கோப்பில் ஒரு செயற்கூற்றின் பெயரை மாற்றியது. இரண்டாவது அதே கோப்பில் அதன் உடலைத் திருத்தியது. இரண்டாவதன் டிஃப்பில் "முந்தைய வடிவம்" என்று குறிக்கப்பட்டிருந்தது மெயினில் உள்ள கோப்பு அன்று. முதல் கமிட் உருவாக்கிய புதிய வடிவம். அந்த வடிவம் ரெஃப்ஸ்/சேஞ்சஸில் மட்டுமே இருக்கிறது. மிரரில் நின்று அந்த ஹாஷைக் "கிட் கேட்-ஃபைல்" கட்டளையால் கேட்டேன். அப்படி ஒன்று இல்லை என்றது. அரை நிமிடம் கழித்து அதே கட்டளையை மீண்டும் இட்டேன். ப்ளாப் (கிட் சேமித்த கோப்பு உள்ளடக்கம்) என்று பதில் வந்தது.

ரெப்ளிகேஷன் செருகுநிரல், ரெஃப் மாறியவுடன் அனுப்பாமல், இயல்பாக 15 விநாடி காத்திருந்து, அதற்குள் வருபவற்றையும் சேர்த்து அனுப்புகிறது. பாலம் அந்த இடைவெளியில் ஓடிவிட்டது. இரண்டாவது கமிட் வேறொரு கோப்பை மட்டும் தொட்டிருந்தால் பிழையே வந்திருக்காது. அதனால்தான் சில நாள் வந்தும் சில நாள் வராமலும் அது அலைக்கழித்தது.

தீர்வு எளிது. பேட்ச்செட்-கிரியேட்டட் வந்ததும் அதைக் காத்திருப்பு வரிசையில் வைத்துவிட்டு, ரெப்ளிகேஷன் செருகுநிரலே அனுப்பும் ரெஃப்-ரெப்ளிகேஷன்-டன் நிகழ்வு அந்த ரெஃபுக்கு வந்த பிறகே டிஃப்பை ஏற்றுங்கள். சங்கிலியாக இருந்தால், பெற்றோர் மாற்றத்தின் கோரிக்கை உருவான பிறகு பிள்ளைக்குரியதை உருவாக்கி, டிபெண்ட்ஸ்-ஆன் புலத்தில் பெற்றோரின் எண்ணை இடுங்கள். எதை முதலில் படிக்க வேண்டும் என்று மதிப்பாய்வாளருக்கு அப்போது தெரியும். காத்திருப்பு நேரத்தைச் சுழியாக்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வலைப்பின்னல் தாமதம் அப்போதும் இருக்கும் என்பதால், பிழை குறையுமே தவிரப் போகாது. எப்போதாவது மட்டும் வரும் பிழையாக மாறிப் பிடிப்பதற்கு இன்னும் கடினமாகிவிடும்.

ஐந்தாம் படி: ஒப்புதலைக் கெரிட்டுக்குக் கொண்டுவருதல்

ரிவியூ போர்டில் மதிப்பாய்வாளர் "ஷிப் இட்" கொடுத்ததும் அது கெரிட்டில் ஒரு வாக்காகத் தெரிய வேண்டும். கெரிட்டின் கோட்-ரிவியூ லேபிளில், -2 முதல் +2 வரையுள்ள வாக்குகளுக்கு ஏற்கெனவே தெளிவான பொருள் இருக்கிறது. அங்கே ஒரு சேவைக் கணக்கு வாக்களித்தால் யார் ஒப்புதல் தந்தார் என்பது மங்கிவிடும். அதனால் திட்டத்தின் ரெஃப்ஸ்/மெட்டா/கான்ஃபிக் கிளையில் உள்ள ப்ராஜெக்ட்.கான்ஃபிக் கோப்பில் ரிவியூ-போர்டு என்று தனி லேபிள் ஒன்றை, -1, 0, +1 மதிப்புகளுடன் வரையறுத்து, அதில் வாக்களிக்கும் அனுமதியைப் பாலத்தின் கணக்குக்கு மட்டும் கொடுங்கள். அந்த லேபிள் உச்ச மதிப்பைப் பெற்றிருந்தால்தான் சப்மிட் செய்யலாம் (மாற்றத்தைக் கிளையில் சேர்க்கலாம்) என்று ஒரு சப்மிட் நிபந்தனையையும் சேர்க்க வேண்டும்.

ரிவியூ போர்டு பக்கத்தில், மதிப்பாய்வு வெளியிடப்படும் நிகழ்வுக்கு ஒரு வெப்ஹூக்கை (நிகழ்வு நடந்ததும் பாலத்தின் முகவரிக்குச் செய்தி அனுப்புவதை) அமைத்து, ரகசியச் சொல்லால் கையொப்பமிடச் செய்யுங்கள். பாலம் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே செய்தியை நம்ப வேண்டும். இல்லையேல் பாலத்தின் முகவரி தெரிந்த எவரும் ஒப்புதலை உருவாக்கிவிடலாம்.

நேர ஒழுங்கையும் கவனியுங்கள். மதிப்பாய்வாளர் இரண்டாம் பேட்ச்செட்டைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நிரலாளர் மூன்றாவதை அனுப்பிவிடுவது அன்றாடம் நடப்பது. அவர் படித்தது ஒன்று, ஒப்புதல் விழுவது வேறொன்று என்றால் அந்த மதிப்பாய்வுக்குப் பொருளில்லை. புதிய டிஃப் ஏறிய நேரத்துக்கும் ஷிப் இட் வந்த நேரத்துக்கும் இடையே மிகக் குறுகிய இடைவெளிதான் என்றால், பாலம் வாக்களிக்காமல், "புதிய பேட்ச்செட் வந்துள்ளது, பார்த்து மீண்டும் உறுதிசெய்யவும்" என்று ஒரு குறிப்பை இடட்டும். என் பாலத்தில் 10 நிமிட எல்லை வைத்தேன். உங்கள் குழுவின் வேகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். லேபிளின் காப்பி-கண்டிஷனில், நிரல் மாறாத பேட்ச்செட்டுகளுக்கு மட்டும் வாக்கு தொடரும்படி எழுதினால், கமிட் செய்தியில் எழுத்துப்பிழையைத் திருத்தியவர் மறுபடியும் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

கருத்துகளை என்ன செய்வது?

வரிக்கு வரி எழுதப்படும் கருத்துகளை இரண்டு கருவிகளுக்கிடையே இருபுறமும் நகலெடுக்கும்படி கேட்பார்கள். நான் இரு முறை முயன்று இரு முறையும் நீக்கிவிட்டேன். கெரிட்டில் கருத்துக்குத் தீர்வாகாதது, தீர்ந்தது என்ற நிலைகள் உண்டு. ரிவியூ போர்டில் இஷ்யூ (சரிசெய்ய வேண்டிய குறை) திறப்பதற்கும், சரிசெய்யப்பட்டது என்றோ கைவிடப்பட்டது என்றோ முடிப்பதற்கும் தனி முறை உண்டு. ஒன்றை மற்றொன்றாகப் பெயர்க்கும்போது யார் எதற்குப் பதில் சொன்னார் என்பதே தொலைந்துபோகிறது. போதாக்குறைக்கு, பாலம் கெரிட்டில் எழுதிய கருத்து மறுபடியும் ஒரு நிகழ்வாகப் பாலத்துக்கே வந்து, அது ரிவியூ போர்டுக்குப் போய், அங்கிருந்து திரும்பிவரும் முடிவற்ற சுழலும் உருவாகலாம். தன் சேவைக் கணக்கிலிருந்து எழும் எந்த நிகழ்வையும் பாலம் முதல் வரியிலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

விவாதம் ரிவியூ போர்டில் மட்டும் நடக்கும் என்று ஒவ்வொரு திட்டத்துக்கும் அறிவித்துவிடுங்கள். கெரிட்டில் பாலம் இடுவது ஒரே ஒரு செய்தி, அதில் கோரிக்கையின் இணைப்பு, அவ்வளவே. தானியங்குச் சோதனைகளை இதற்கு நேர்மாறாகக் கெரிட்டில் மட்டும் ஓட்டி, முடிவை வெரிஃபைடு லேபிளில் பதியுங்கள்; ஒரே மாற்றத்துக்கு இரண்டு முறை சோதனை ஓட்டுவது இயந்திர நேரத்தை வீணாக்கும்.

பயனர்பெயர்கள் இரண்டு கருவிகளிலும் ஒன்றாக இருக்க, இரண்டையும் ஒரே எல்டாப் அடைவோடு (பயனர் கணக்குகளின் பொதுப் பட்டியலோடு) இணையுங்கள். பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு நுழையாதபடி எல்லாவற்றையும் சிறிய எழுத்திலேயே வைப்பது நல்லது. கோரிக்கையை நிரலாளரின் பெயரில் உருவாக்க, மற்றொருவர் சார்பாக அனுப்பும் அனுமதியைப் பாலத்தின் ரிவியூ போர்டு கணக்குக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். மாற்றம் கிளையில் சேர்ந்து சேஞ்ச்-மெர்ஜ்டு நிகழ்வு வந்ததும் "ஆர்பிடி குளோஸ்" கோரிக்கையை முடித்துவிடும். கைவிடப்பட்ட மாற்றத்துக்கு அதே கட்டளையில் க்ளோஸ்-டைப் என்பதை டிஸ்கார்டட் என்று கொடுங்கள்.

சோதனை

முதலில் யாருக்கும் அவசரமில்லாத சிறிய களஞ்சியம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கோப்பைத் தொடும் மூன்று கமிட்டுகளை ஒரே புஷ்ஷில் அனுப்பி, மூன்று கோரிக்கைகளும் சரியான வரிசையில், சரியான சார்புகளோடு தோன்றுகின்றனவா என்று பாருங்கள். நடுவிலுள்ள கமிட்டைத் திருத்தி மீண்டும் அனுப்புங்கள். புதிய கோரிக்கை எதுவும் முளைக்காமல், பழைய கோரிக்கைகளிலேயே டிஃப் எண் கூட வேண்டும். அடுத்து, பாலத்தை நிறுத்திவிட்டு ஒரு மாற்றத்தை அனுப்பி, பிறகு பாலத்தை இயக்குங்கள். ஸ்ட்ரீம்-ஈவென்ட்ஸ் கடந்துபோன நிகழ்வுகளைத் திரும்பத் தராது என்பதால், அந்த மாற்றம் தவறியிருக்கும். பாலம் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும், திறந்திருக்கும் மாற்றங்கள் அனைத்தையும் "கெரிட் குவெரி" கட்டளையால் கேட்டு, தன் அட்டவணையோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றை ஏற்றும்படி எழுதியிருந்தால் இந்தச் சோதனையும் தேறும். இறுதியாக, நிர்வாகி அல்லாத ஒரு கணக்கிலிருந்து "ஆர்பிடி லேண்ட்" கொடுத்து மெயினுக்கு நேரடியாகத் தள்ளிப் பாருங்கள். கெரிட் மறுத்துவிட்டால், அடுத்த களஞ்சியத்தைச் சேர்க்கலாம்.